ஒன்பதாம் மாதத்தில் 5,400 ரூபாய் போச்சு, ஆன்லைன் டாக்டர் ஆப் பக்கம் போகாதீங்க

எனக்கு இது 36-வது வாரம். வளைகாப்பு முடிந்து நீடாமங்கலம் பக்கம் அம்மா வீட்டில் இருக்கிறேன், வீட்டுக்காரர் சிங்கப்பூரில். போன வாரம் ஸ்கேனில் பனிக்குட நீரின் அளவு 6.8 செ.மீ. என்று வந்தது. வழக்கமாகப் பார்க்கும் டாக்டரம்மா "நீர் கம்மி, நாளைக்கே அட்மிட் ஆகிடு, ஆபரேஷன்தான்" என்றார். மன்னார்குடியில் இன்னொருவர் "5-க்குக் கீழே போனால்தான் குறைவு, அசைவு நல்லா இருக்கு, பொறுத்துப் பார்க்கலாம்" என்றார். யாரை நம்புவது? அம்மா பிள்ளையார் முன்னால் சீட்டுக் குலுக்கிப் போடலாம் என்கிற அளவுக்கு வந்துவிட்டார்.

அப்போதுதான் ஃபோனில் அந்த விளம்பரம். கர்ப்பிணிகளுக்கான டாக்டர் ஆப், "ஒன்பதாம் மாத பேக்கேஜ்", சீனியர் டாக்டரே ரிப்போர்ட் பார்த்து வீடியோவில் முக்கால் மணி நேரம் பேசுவாராம். கூப்பிட்ட பெண் "அக்கா, உங்க பாப்பா இனி எங்க பொறுப்பு" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். 5,400 ரூபாயை அப்படியே ஜிபேயில் அனுப்பினேன்.

வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. இந்த வயிற்றோடு மொட்டை மாடி ஏறி, வெயிலில் ரிப்போர்ட்டை கேமராவுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிரில் முகமே இல்லை, குரல் மட்டும். "தண்ணி நிறைய குடிங்க, இளநீர் குடிங்க, டென்ஷன் வேண்டாம்." எத்தனையாவது வாரம் என்றுகூடக் கேட்கவில்லை. நாலு நிமிஷம். எங்கள் கொல்லையிலேயே ஆறு தென்னை நிற்கிறது, இளநீர் குடிக்கச் சொல்ல 5,400 ரூபாயா?

அனுப்பிய மருந்துச்சீட்டில் டாக்டரின் பதிவு எண் இல்லை. 2020 டெலிமெடிசின் விதிப்படி அது இருந்தாக வேண்டும். பணத்தைத் திருப்பிக் கேட்டால் "வீடியோ கால் முடிந்ததாகக் காட்டுது மேடம்". மறுநாள் "கம்ப்ளெயின்ட் டிக்கெட் போட்டிருக்கோம், 48 மணி நேரம் ஆகும்". அதற்கடுத்த நாள் வேறொருவர், முதலிலிருந்து கதை கேட்டார். இன்று காலை, பணம் வராதாம், பிரசவத்துக்கு அப்புறம் எடுக்கும் பேக்கேஜில் தள்ளுபடியாம்! அக்கா என்றவள் ஃபோனையே எடுப்பதில்லை.

கடைசியில் தஞ்சாவூர் ராசா மிராசுதார் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். கூட்டம்தான், ஆனால் மறுபடி ஸ்கேன் எடுத்து, வயிற்றில் பெல்ட் கட்டி குழந்தையின் துடிப்பை இருபது நிமிஷம் பார்த்து, ஏன் காத்திருக்கலாம், எப்போது காத்திருக்கக் கூடாது என்று சொன்னார்கள். ஒரு பைசா வாங்கவில்லை.

பத்து டிப்ஸ் எழுத நினைத்தேன், முதுகு வலி விடவில்லை. மொத்தப் பணத்தை முதலிலேயே கட்டாதீங்க. பதிவு எண்ணை முதலில் கேளுங்க. சந்தேகம் கேட்க அரசின் 104 மருத்துவ உதவி எண் இருக்கிறது, இலவசம். அசைவு குறைந்த மாதிரி இருந்தால் ஆப்பும் வேண்டாம், இளநீரும் வேண்டாம், 108-ஐக் கூப்பிட்டு நேரே ஆஸ்பத்திரி.