நாலு பூனைகளோடு வீடு மாறினோம்: வாங்கியதில் எது தேறியது, எது தண்டம்

வில்லிவாக்கத்தில் 9 வருஷம் இருந்த வீட்டை, மகனுக்குக் கல்யாணம் என்று சொல்லி ஓனர் காலி பண்ணச் சொல்லிவிட்டார். புது வீடு தேடிப் போன் போட்டால் முதலில் எத்தனை பேர், நான்வெஜ் உண்டா என்றெல்லாம் கேட்பார்கள், கடைசியில் "பெட்ஸ் ஏதாவது?" என்று வரும். பூனை என்றால் கொஞ்சம் யோசிப்பார்கள், நாலு என்றால் போன் கட். பதினோரு வீடு பார்த்த பிறகு மேடவாக்கத்தில் ஒரு முதல் மாடி வீடு அமைந்தது, அந்த ஓனரம்மா வீட்டிலேயே இரண்டு பூனை இருந்ததால்தான். ஆடி பிறப்பதற்குள் பால் காய்ச்சியாக வேண்டும் என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றாள். கையில் இருந்தது மூன்று வாரம். அந்த மூன்று வாரத்தில் பூனைகளுக்கென்று மட்டும் கிட்டத்தட்ட 16 ஆயிரம் ரூபாய் போயிருக்கிறது, மூன்றில் ஒரு பங்கையாவது சேமித்திருக்கலாம். அந்த வயிற்றெரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தண்டம், கேப்ஸ்யூல் பை. முதுகில் மாட்டிக்கொள்ளும் பை, நடுவில் கண்ணாடி மாதிரி உருண்டையாக ஒரு பிளாஸ்டிக் ஜன்னல், அதற்குள்ளிருந்து பூனை விண்வெளி வீரன் மாதிரி எட்டிப் பார்க்கும் படத்தைக் காட்டி விற்பார்களே, அதுதான். 1,799 ரூபாய். படத்தில் இருந்த பூனைக்குச் சென்னை வெயில் தெரியாது போல. மூக்கனை உள்ளே வைத்துச் சும்மா ஒத்திகைக்காகத் தெருமுனை டீக்கடை வரை நடந்தேன், பத்து நிமிஷம் இருக்கும், பிளாஸ்டிக் உள்பக்கம் முழுக்க ஆவி படிந்து, அவன் வாயைத் திறந்து மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டான். நாய் மாதிரி பூனை சாதாரணமாக வாயால் மூச்சு வாங்காது, வாங்கினால் சூட்டிலோ பயத்திலோ ரொம்பவே திணறுகிறது என்று அர்த்தம். காற்று வர ஏழெட்டு ஓட்டைகள் இருந்தன, அவ்வளவுதான். போதாததற்கு வீடு திரும்புவதற்குள் பக்கவாட்டு ஜிப்பைத் தலையாலேயே முட்டித் திறந்து பாதி உடம்பை வெளியே எடுத்துவிட்டான். ஆறு கிலோ பூனை.

தேறியது, பழைய மாடல் கெட்டி பிளாஸ்டிக் பெட்டி. முன்னால் கம்பிக் கதவு, மேல் மூடி தனியாகக் கழன்று வரும், சுற்றிலும் கிளிப். ஏற்கெனவே ஒன்று இருந்தது, இன்னும் மூன்று வாங்கினேன், ஒன்று 1,650. பார்க்க அழகாகவெல்லாம் இருக்காது. ஆனால் டாக்டரிடம் போகும்போது பூனையைப் பிடித்து இழுக்க வேண்டாம், மேல் பாதியைக் கழற்றினால் அது அடிப்பாதியில் உட்கார்ந்தபடியே ஊசி போட்டுக்கொள்ளும். கழுவுவதும் சுலபம். இரண்டு பூனையை ஒரே பெட்டியில் திணித்துக் காசு மிச்சம் பிடிக்கலாமா என்று கேட்காதீர்கள். வீட்டில் கட்டிப்பிடித்துத் தூங்குகிற ஜோடிகூடப் பயத்தில் ஒன்றையொன்று பிறாண்டும்.

பெட்டி வந்த அன்றே கதவைக் கழற்றி ஹாலில் போட்டுவிட்டேன். உள்ளே துவைக்காத பழைய நைட்டி, சாப்பாட்டுத் தட்டும் உள்ளேதான். முதல் நாலு நாள் ஒருவரும் சீண்டவில்லை. அப்புறம் ஒரு மத்தியானம் பார்த்தால் பஜ்ஜி உள்ளே மல்லாந்து தூங்குகிறான். சீனி மட்டும் கடைசி வரை மசியவில்லை. அவளுக்கு டாக்டர் சொன்ன வழிதான்: பெட்டியை நிமிர்த்தி, கதவு வானம் பார்க்கிற மாதிரி வைத்து, பின்னங்கால் முதலில் இறங்கும்படி விட வேண்டும். தலையை முதலில் நுழைத்தால் நாலு காலையும் விரித்து விளிம்பில் ஊன்றிக்கொள்வாள், குடை மாதிரி.

பெரோமோன் டிஃப்யூசர் பற்றி என்ன சொல்வதென்று தெரியவில்லை. கொசு மருந்து மாதிரி பிளக்கில் மாட்டுவது, பூனை கன்னத்தைக் கதவில் உரசும்போது விட்டுப்போகிற வாசனையின் செயற்கை நகல் அதில் இருக்கிறது, "இது நம்ம இடம்தான்" என்று பூனைக்குச் சொல்லுமாம். ஒரு பாட்டில் 30 நாள் வரும், பூனை வருவதற்கு ஒரு நாள் முன்னாலேயே போட்டுவிட வேண்டும். 2,900 ரூபாய். ஜன்னலைச் சாத்தி ஏசி போட்ட அறையில் வேலை செய்யலாம், நம் வீட்டில் ஜன்னல் திறந்து கிடக்கும், ஃபேன் முழு வேகத்தில் சுற்றும், வாசனை எங்கே நிற்கும்? காசில்லாத வழி ஒன்று உண்டு. மெத்துத் துணியால் பூனையின் கன்னத்தைத் துடைத்து, புது வீட்டுக் கதவு மூலை, கட்டில் கால் என்று பூனை உயரத்தில் தேய்த்துவிடுங்கள். நான் இரண்டையும் செய்தேன், எது பலித்தது என்று சத்தியம் பண்ண மாட்டேன். அடுத்த பாட்டில் வாங்கவில்லை.

இனி பேக்கர்ஸ். பேர் போட்டு வம்பு வளர்க்க விருப்பமில்லை. கொட்டேஷனில் "பெட் ஃப்ரெண்ட்லி" என்று தனியாக 800 ரூபாய் போட்டிருந்தார்கள். முந்தின நாள் போன் பண்ணி, அப்படியென்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "பாத்திரப் பெட்டியோட பின்னாடி வச்சுக் கொண்டு வந்துடுவோம்க்கா, ஒண்ணும் ஆகாது." மூடின லாரி, ஜூன் மாதம்! வேண்டவே வேண்டாம் என்று அதை மட்டும் ரத்து செய்தேன், அந்த 800 இன்னும் வந்தபாடில்லை.

சாமான் ஏற்றும் நாளில் நாலு பேரையும் பாத்ரூமில் விட்டு, "உள்ளே பூனை, திறக்காதீர்கள்" என்று பெரிதாக எழுதி ஒட்டியிருந்தேன். ஏற்ற வந்த பையன் கை கழுவத் திறந்துவிட்டான். பஜ்ஜி அம்பு மாதிரி பாய்ந்தான். பரண், வாஷிங் மெஷின் டிரம், கீழ் வீட்டு மாடிப்படி என்று நாற்பது நிமிஷம் தேடினோம். லாரியில் ஏற்றுவதற்காகக் கயிறு கட்டிச் சாத்தி வைத்திருந்த மெத்தைச் சுருளின் ஓரத்தில், பழுப்பாக ஒரு இஞ்ச் வால் நுனி தெரிந்தது. அதை முதலில் பார்த்தது அந்தப் பையன்தான், எனவே திட்டவும் முடியவில்லை. பேப்பர் ஒட்டினால் போதாது. பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள்.

மொத்தச் செலவில் மனசார கொடுத்தது பெட் டாக்ஸிக்குத்தான். 1,900 ரூபாய், டாக்டர் கொடுத்த நம்பர். 25 நிமிஷம் லேட், பில்லும் கிடையாது, இந்தக் குறைகளைச் சொல்லியாக வேண்டும். மற்றபடி ஐம்பது வயது மதிக்கத்தக்க அந்த டிரைவருக்குத் தெரிந்ததில் பாதி எனக்குத் தெரியாது. வரும்போதே ஏசியில் வண்டியைக் குளிர வைத்துக்கொண்டு வந்தார். சீட்டில் பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் பழைய பெட்ஷீட். இரண்டு பெட்டியை முன் சீட்டுக்குப் பின்னால் தரையில் இறுக்கமாக வைத்தார், ஒன்றைப் பின் சீட்டில் வைத்து பெல்ட் போட்டார், கருப்பி என் மடியோரம். எல்லாவற்றின் மேலும் டவல். பாட்டு கிடையாது, ஹாரனும் முடிந்தவரை இல்லை. கருப்பிக்கு 11 வயது, ஆட்டோவில் ஏறினாலே வாந்தி எடுப்பாள், அதனால் டாக்டர் எழுதிக் கொடுத்த பயம் குறைக்கும் மாத்திரையை இரண்டு மணி நேரம் முன்னாலேயே கொடுத்திருந்தேன், தூங்கிக்கொண்டே வந்தாள். (உங்கள் பூனைக்கு உங்கள் டாக்டரைக் கேளுங்கள். மனுஷ மாத்திரை எதையும் உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள், பாரசிட்டமால் பூனைக்கு விஷம்.)

மூக்கன் கோயம்பேட்டில் எடுத்த ராகத்தைக் கத்திப்பாராவில்தான் நிறுத்தினான். வழியெல்லாம் மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு சங்கதி. பள்ளிக்கரணை தாண்டும்போது சீனி பெட்டிக்குள்ளேயே ஆய் போய்விட்டாள், நாற்றம் தாங்கவில்லை. டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார், நான் கதவைத் திறக்கக் கை நீட்டினேன். "கதவத் தொறக்காதீங்கம்மா. எல்லாக் கண்ணாடியும் மூடியிருக்கட்டும், மொதல்ல அத பாத்துட்டு, அப்புறம் பொட்டியத் தொறங்க." டேஷ்போர்டில் டிஷ்யூ, குப்பைக் கவர், எல்லாம் தயாராக இருந்தது. 1,900 அதற்கே சரியாகப் போச்சு.

புது வீட்டில் முதல் வாரம் ஒரே அறைதான். பூனைகள் ஒன்றுக்கு, ரெண்டுக்குப் போகிற பழைய மண் தொட்டியைக் கழுவாமல், பழைய மண்ணோடு அப்படியே கொண்டு வந்து வைத்தேன், அதுதான் அவர்களுக்கு வீட்டு விலாசம். அம்மா பால் காய்ச்சிய கையோடு ஒரு கிண்ணம் பாலும் வைத்தாள். வளர்ந்த பூனைக்குப் பால் செரிக்காது என்று ஆயிரம் தடவை சொல்லியாயிற்று. நல்ல வேளை, கட்டிலடியிலிருந்து ஒருவரும் வரவில்லை. ஆனால் கருப்பி இரண்டாம் நாளும் சாப்பிடவில்லை என்றதும் பயந்துவிட்டேன், பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் கல்லீரல் கெட்டுவிடும். டாக்டருக்குப் போன் போட்டு, மறுநாள் காலை கூட்டி வருவதாகச் சொல்லி வைத்தேன். அன்று ராத்திரி தோசைக்கல்லில் நெத்திலி வாட்டிய வாசனைக்குத் தானாக வெளியே வந்தாள்.

வலை விஷயத்தில் இரண்டு அனுபவம். வெல்க்ரோவில் ஒட்டும் கொசுவலை பூனை இருக்கும் வீட்டுக்கு உதவாது, மூக்கன் இரண்டாம் நாளே ஒரே இழுப்பில் பிரித்துவிட்டான். பால்கனிக்குப் புறா வலை போதும் என்றார் வலைக்காரர், மூக்கன் நைலானைக் கடித்தே அறுப்பான் என்று சொல்லி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி வலை போடச் சொன்னேன். 4,200 ரூபாய், சுவரில் துளை போட ஓனரம்மாவிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டேன். இப்போது நாலு பேரும் மாலையில் அங்கேதான், வரிசையாக உட்கார்ந்து எதிர்வீட்டுக் காக்காவைத் திட்டுவார்கள்.

கேப்ஸ்யூல் பையைத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றுவிட்டார்கள். அம்மா அதில் சின்ன வெங்காயம் போட்டு வைத்திருக்கிறாள். காற்றோட்டம் போதாமல் அதுவும் முளைத்துவிடுகிறது.