கடிகாரக் கைவேலை: பள்ளியா, பட்டறையா, கேமராவா?

மெக்கானிக்கல் கடிகார வேலை அழிந்துவிடக் கூடாது என்று பேச்சு வந்தாலே மூன்று வழிகள் சொல்வார்கள்: பள்ளிக்கூடம், குருவிடம் போய் உட்காருவது, எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வைப்பது. ஆனால் ரிப்பேர் செய்வதும் புதிதாக ஒன்றை உருவாக்குவதும் ஒரே வித்தை இல்லை. எதைக் காப்பாற்றப் பார்க்கிறோம் என்று முதலில் கேட்க வேண்டும்.

ரிப்பேர் என்றால் பள்ளிதான், சந்தேகமே இல்லை. சுவிட்சர்லாந்தின் நூஷாட்டெல்லில் 1966-ல் தொடங்கிய வோஸ்டெப் என்ற கடிகாரப் பயிற்சிப் பள்ளியின் 3,000 மணி நேரப் படிப்பு மாதிரி ஒன்றில் யார் கற்றாலும் ஒரே தரம் வரும். 1969 டிசம்பரில் சீக்கோவின் அஸ்ட்ரான் என்ற, பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்ச் வந்து, அந்த அலை அடித்த பிறகும் தொழில் மிச்சம் இருப்பதில் இப்படிப்பட்ட பள்ளிகளுக்குப் பங்கு உண்டு. சிக்கல் அப்புறம்தான் வருகிறது. படித்து முடித்தவர் பெரிய சர்வீஸ் சென்டரில் சேர்ந்தால், தேய்ந்த பாகத்தைக் கழற்றிவிட்டு கம்பெனி அனுப்பிய புதியதை மாட்டுவதே பெரும்பாலும் வேலை.

முன்னும் பின்னும் ஆடி நேரத்தைச் சீராக வைக்கும் பேலன்ஸ் சக்கரத்தின் அச்சு உடைந்து, புதியது எங்கேயும் கிடைக்கவில்லை என்று வையுங்கள். எஃகுக் கம்பியை லேத்தில் பிடித்துக் கடைய வேண்டும். முனை கிட்டத்தட்ட 0.1 மி.மீ., ஒரு தலைமுடியின் பருமன்தான். உளியைக் கொஞ்சம் அழுத்தினாலும் 'டக்' என்று போய்விடும், மறுபடி முதலிலிருந்து. பரீட்சைக்காக ஒருமுறை செய்துவிட்டு பத்து வருஷம் விட்டால் கை மறந்துவிடும்.

அங்கேதான் குரு வழி ஜெயிக்கிறது. கோ-ஆக்சியல் எஸ்கேப்மென்ட்டை (சக்கரங்களை அளவாக விட்டு விட்டு ஓடவைக்கும் அமைப்பு) கண்டுபிடித்த கடிகாரக் கலைஞர் ஜார்ஜ் டேனியல்ஸிடம் ரோஜர் ஸ்மித் என்ற இளைஞர் தன் கையால் செய்த முதல் பாக்கெட் வாட்சைக் கொண்டுபோனார். கையால் செய்தது என்று பார்த்தாலே தெரிகிறது, அதுதான் குறை என்று டேனியல்ஸ் சொல்லிவிட்டார். அடுத்த வாட்சுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் ஆனது, அதன்பிறகே பாராட்டு. பிரமாதமான பயிற்சிதான், ஆனால் எத்தனை பேருக்கு? விரல் விட்டு எண்ண வேண்டியதில்லை, ஒரு விரலே போதும்.

வீடியோ பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எந்தத் திருகை முதலில் கழற்றுவது என்பதற்கு அருமை, இலவசம் வேறு. எஃகைச் சூடாக்கும்போது வைக்கோல் நிறம் ஊதாவாகி நீலமாகும் அந்த நொடியைக் கேமரா நம்பும்படி காட்டாது, உளி எஃகைக் கடிக்கும்போது விரலுக்குத் தெரிவதையோ காட்டவே முடியாது.

என் ஓட்டு இவற்றைக் கலந்த ஒன்றுக்கு. கிரூபல் ஃபோர்சி என்ற வாட்ச் கம்பெனியும் பிலிப் துஃபூர் என்ற கடிகாரக் கலைஞரும் சேர்ந்து, மிஷேல் பூலாஞ்சே என்ற பாரிஸ் கடிகார ஆசிரியருக்கு ஒரு வாட்சைப் பழைய கைக்கருவிகளால் அடியிலிருந்து முடிவுவரை செய்யக் கற்றுக்கொடுத்து, கூடவே பதிவும் செய்தார்கள். கற்றவரே ஆசிரியர் என்பதுதான் இதில் சாமர்த்தியம், வித்தை ஒருவரோடு நிற்காது. செலவுதான் உதைக்கும். அந்த வாட்ச் 2016 ஏலத்தில் 14 லட்சம் டாலருக்கு மேல் போனது. எல்லாருக்கும் அப்படி ஏலதாரர் கிடைப்பாரா?

இந்தக் கணக்கில் யாரும் சேர்க்காதவர்கள் பழைய சுவர்க்கடிகாரம், கோபுரக் கடிகாரம் பழுது பார்ப்பவர்கள். அவர்களுக்கு ஸ்பேர் கேட்டலாக் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரு பல் உடைந்தால் பித்தளையை அறுத்து, பொருத்தி, அரத்தால் ராவித்தான் ஆக வேண்டும். ரிப்பேரும் உருவாக்குவதும் இன்னும் பிரியாமல் இருப்பது அந்த மேஜையில்தான், அதனால் கையில் காசு குறைவென்றால் நான் முதலில் அங்கேதான் ஒரு பையனையோ பெண்ணையோ கொண்டுபோய் உட்கார வைப்பேன்.