ஜிரா: மிச்ச நேரத்தைக் கையால் மாற்றினால்தான் பிரயோசனம்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஆறு பேர் வேலை செய்யும் சின்ன மென்பொருள் அலுவலகம் எங்களுடையது. பத்துப் பேர் வரை இலவசம் என்பதால் குழுவின் வேலைகளைப் பதிந்து கண்காணிக்கும் ஜிரா மென்பொருளை ஒரு வருடமாகக் காசு கட்டாமல் பாவிக்கிறோம். தொடங்கிவிட்ட வேலையின் நாளையும் செலவையும் நடுவழியில் திருத்துவதற்குத்தான் அது எனக்கு அதிகம் உதவியது.

யாழ் நகரில் ஒரு புடவைக்கடைக்கு பில்லும் இருப்புக் கணக்கும் செய்ய 8 கிழமை கேட்டிருந்தோம். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன் முடிய வேண்டும் என்று முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், திருவிழா 25 நாளும் கடையில் சனம் நிற்கும்போது புது மென்பொருளை யார் பழகுவது?

பார்கோட் வேலைக்கு 16 மணித்தியாலம் போட்டோம். 12 மணித்தியாலம் பதிந்ததும் மிச்சம் 4 என்று ஜிரா தானாகக் கழித்துக் காட்டியது. பொடியனைக் கேட்டால், லேபல் பிரின்டர் ஒத்துவரவில்லை, இன்னும் மூன்று நாள் வேணும் என்கிறான். கழித்தல் சரி, நாங்கள் முதலில் போட்ட 16தான் பிழை. நேரத்தைப் பதியும் அதே இடத்தில் மிச்ச நேரத்தை நாமே மாற்றி எழுதலாம், தயவுசெய்து அதைத் தினமும் செய்யுங்கள். இப்போது காலையில் "இன்னும் எவ்வளவு கிடக்கு?" என்றுதான் கேட்கிறோம். செலவுக்கு அந்த மிச்ச மணித்தியாலங்களை எக்செல்லில் எடுத்து ரூபாயாக்குகிறோம்.

அப்புறம் வெலாசிட்டி வரைபடம். ஒவ்வொரு ஸ்பிரின்டிலும் (வேலையைப் பிரித்துச் செய்யும் குறுகிய தவணை, எங்களுக்கு ஒரு கிழமை) ஏற்றது எவ்வளவு, முடித்தது எவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் காட்டும். வேலையின் அளவைப் புள்ளியாகப் போடுவோம்; மொத்தம் 220 புள்ளி, கிழமைக்கு 28 முடிப்போம் என்று நினைத்தோம், முதல் மூன்று கிழமையில் முடித்தது 19, 21, 20. மிச்சம் 160, அப்படியென்றால் இன்னும் 8 கிழமை, மூன்று கிழமை பிந்தும். ஆள் கூட்டவில்லை, புதியவருக்குச் சொல்லிக்கொடுக்கவே பழையவர்களின் நேரம் போய்விடும். நேரே கடைக்குப் போய் வரைபடத்தைக் காட்டினேன். "தம்பி, இப்பவே சொன்னியள், கொடியேறினாப் பிறகு சொல்லியிருந்தால் நான் என்ன செய்யிறது?" என்றார் முதலாளி. வாடிக்கையாளர் அட்டையையும் எஸ்எம்எஸ்ஸையும் பிறகு பார்ப்போம் என்று அவரே ஒதுக்கினார். 60 புள்ளி குறைந்தது, சொன்ன 8 கிழமையில் பில் ஓடியது.

இரண்டு பேர் செய்யும் வேலைக்கு ஜிரா தேவையில்லை, எக்செல் தாளே போதும். நாலைந்து பேர் என்றால் எடுங்கள், ஆனால் மூன்று ஸ்பிரின்டாவது முடியாமல் அந்த வரைபடத்தை நம்பி யாருக்கும் திகதி கொடுக்காதீர்கள்.