ஃபைட்டர் மீனும் தண்ணித் தவளையும்: ஒரே டேங்கா, நடுவுல தடுப்பா, தனித்தனியா?

முதல்ல உங்ககிட்ட இருக்குறது எந்தத் தவளைன்னு பாத்துக்கோங்க. ஆப்பிரிக்கன் டுவார்ஃப் தவளையும் க்ளாட் தவளையும் குட்டியா இருக்கும்போது பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனா டுவார்ஃப் வளந்தாலும் மூணு நாலு சென்டிமீட்டர்தான், க்ளாட் உள்ளங்கை அளவுக்கு வளந்து கூட இருக்குற மீனை முழுங்கிடும். முன்னங்கால் விரலுக்கு நடுவுல சவ்வு இருந்தா டுவார்ஃப், முன்னங்கால் விரல் தனித்தனியா பிரிஞ்சிருந்தா க்ளாட். க்ளாட்னா பெட்டா, அதாவது ஃபைட்டர் மீன் கூட விடவே கூடாது, அதுல ரெண்டாவது பேச்சே இல்ல.

டுவார்ஃப்னா யோசிக்கலாம். ரெண்டுக்குமே 25-லேர்ந்து 27 டிகிரி சூடு ஒத்துக்கும், ரெண்டுக்கும் வேகமான தண்ணி ஓட்டம் ஆகாது, ரெண்டுமே மேல வந்துதான் காத்து எடுக்கும், அதனால ஒரே டேங்க்னா ஒரு ஹீட்டர், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரோட வேலை முடிஞ்சிடும். எல்லாரும் "சண்டை போடுமா"ன்னுதான் கேக்குறாங்க. போடும், போடாமலும் இருக்கும், அது அந்தந்த பெட்டாவோட குணம். ஆனா என்னைக் கேட்டா பெரிய பிரச்சனை சாப்பாடுதான். தவளைக்கு கண் பார்வை ரொம்ப மந்தம், மோப்பம் புடிச்சு தடவித் தடவி ப்ளட்வார்ம் (தீனியா போடுற சின்ன சிவப்புப் புழு) கிட்ட வர்றதுக்குள்ள பெட்டா வந்து மொத்தத்தையும் அள்ளிட்டு போயிடும், இப்படியே தினமும் நடந்தா மீனுக்கு வயிறு உப்பும் தவளை எலும்பும் தோலுமா ஆகும், பாவம் அது மெதுவாத்தான் மெலியும், நம்ம கண்ணுக்கு சீக்கிரம் தெரியாது. இன்னொண்ணு, அதே மந்தப் பார்வையால நீளமா தொங்குற பெட்டா வாலை இரைன்னு நெனச்சு தவளை கவ்வவும் செய்யும், ஹாஃப்மூன் மாதிரி பெரிய வால் இருந்தா இன்னும் ரிஸ்க்.

சரி நடுவுல தடுப்பு வச்சா? சாப்பாட்டுத் தகராறு தீரும், ஆனா எனக்கு இதுதான் மூணுலயும் புடிக்காதது. சின்ன இடுக்கு கெடச்சாலும் தவளை நுழையும், நடுவுல மாட்டிக்கிட்டா மேல வந்து மூச்சு எடுக்க முடியாம செத்துடும். பெட்டா தாண்டிக் குதிக்கும். இடமும் பாதியாயிடும்.

தனித்தனி டேங்க்னா செலவு ரெட்டிப்பு, தண்ணி மாத்துற வேலையும் ரெட்டிப்பு, ஒத்துக்குறேன். ஆனாலும் என் ஓட்டு இதுக்குத்தான், காரணம் மருந்து. பெட்டாவுக்கு வால் அழுகல் வந்தாலோ வெள்ளைப் புள்ளி வந்தாலோ நாம உப்பு போடுவோம், மாலகைட் க்ரீன், காப்பர் கலந்த மருந்துன்னு ஊத்துவோம், தவளைக்கு தோல் வழியாவே எல்லாம் உள்ள போறதால அது தாங்காது. தடுப்பு போட்டாலும் தண்ணி ஒண்ணுதானே.

இடமோ காசோ இல்ல, ஒரே டேங்க்தான்னா குறைஞ்சது 40 லிட்டர் வைங்க, ஆழம் ரொம்ப வேண்டாம், ஒளிய செடியும் குகை மாதிரி ஏதாவதும் போடுங்க, மூடி இடுக்கில்லாம இருக்கணும் ஏன்னா தவளை வெளிய வந்தா காஞ்சு செத்துடும். சின்ன கல்லு வேண்டாம், சாப்பாட்டோட சேத்து முழுங்கிடும், மணல் போடுங்க. தவளை கூட்டமா இருக்குற ஜீவன், ஒத்தையா விடாம குறைஞ்சது ரெண்டு விடுங்க. பெட்டாவுக்கு ஒரு மூலையில பெல்லட் போட்டு அது அங்க பிஸியா இருக்கும்போது இந்தப் பக்கம் இடுக்கியால ப்ளட்வார்மை தவளை மூக்குகிட்டயே காட்டுங்க, அது வாயில வாங்குற வரைக்கும் நகராதீங்க. டேங்க்ல கை விட்டா சோப்பு போட்டு கழுவிடுங்க, இந்தத் தவளைகள்கிட்ட சால்மொனெல்லா இருக்கலாம், முக்கியமா சின்னப் பசங்க இருக்குற வீட்டுல.

வால் கிழிஞ்சிருந்தாலோ தவளைக்கு வயிறு ஒட்டிப் போயிருந்தாலோ இன்னும் ரெண்டு நாள் பாக்கலாம்னு இருக்காதீங்க, அன்னைக்கே பிரிச்சிடுங்க, அதுக்கு ஒரு சின்ன டேங்க் முன்னாடியே ரெடியா இருக்கணும்.