ரொக்கமா, விற்றபின் காசா, அலமாரி வாடகையா? ஊர்க் கைவினைக் கடைக்கு எது சரி

பத்தமடைப் பாய், காருகுறிச்சி மண்பாண்டம், அம்பாசமுத்திரம் மரச்சொப்பு, மணப்பாடு ஓலைப்பெட்டி. இவற்றையெல்லாம் ஒரே கூரையின் கீழ் விற்க திருநெல்வேலியில் ஒரு குழு கடை திறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடையின் பெயர், சுவருக்கு என்ன வண்ணம், இன்ஸ்டாகிராம் பக்கம் என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். செய்பவருக்கு எப்போது, எப்படிப் பணம் கொடுப்பது என்ற பேச்சு மட்டும் கூட்டம் கலையும் நேரத்தில்தான் வரும். கடை நிற்பதும் படுப்பதும் அதில்தான்.

வழக்கத்தில் இருப்பவை மூன்று. பொருளை வாங்கி வைத்து, விற்றபின் காசு கொடுப்பது. கன்சைன்மென்ட் என்பார்களே, அது. கையில் ரொக்கம் கொடுத்து வாங்கிவிடுவது. அலமாரியை மாத வாடகைக்கு விடுவது.

வாடகையை முதலில் முடித்துவிடலாம். அலமாரிக்கு மாதம் 600 ரூபாய், ஒரு சொப்பு செட்டில் செய்பவருக்கு மிஞ்சுவது 40 ரூபாய் என்றால், 15 செட் விற்கும்வரை அவர் கடைக்காகத்தான் உழைக்கிறார். கடைக்கோ, விற்றாலும் விற்காவிட்டாலும் முதல் தேதி பணம் வந்துவிடும். அப்புறம் விற்க வேண்டும் என்ற அவசரம் எங்கிருந்து வரும்? சோப்பு, டெரகோட்டா நகை என்று செய்து ஏற்கெனவே ஆன்லைனில் விற்பவர்களுக்கு இது ஒத்துவரும். வாடகையை விளம்பரச் செலவாக எழுதிக்கொள்வார்கள். மரச்சொப்பு கடையும் கடைசல் பட்டறை வைத்திருப்பவருக்கு ஒத்துவராது.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான்.

விற்றபின் காசு என்பது கேட்பதற்கு நியாயமாக இருக்கும். கடைக்கு முதலீடு வேண்டாம், புதுப் பொருளைத் துணிந்து வைத்துப் பார்க்கலாம், போகவில்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஆனால் பத்தமடையில் ஒரு நயமான பாய் எப்படி உருவாகிறது என்று பாருங்கள். கோரையை வெட்டிக் காயவைத்து, தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மெல்லிசாகக் கீறி, சாயம் ஏற்றி, பருத்தி நூல் பாவில் கோத்து நெய்ய வேண்டும். மெல்லிய பாய் என்றால் வாரக்கணக்கில் வேலை. கோரைக்கும் நூலுக்கும் சாயத்துக்கும் காசு முன்னாலேயே போய்விடுகிறது. அந்தப் பாய் கடையில் மூன்று மாதம் சுருண்டு கிடந்தால், அந்த மூன்று மாதமும் கடைக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்திருப்பவர் அதை நெய்த பெண்தான். “அக்கா, ஏதாவது வித்துச்சா?” என்று அவர்தான் போன் போட்டுக் கேட்க வேண்டும்.

சேதாரமும் அவர் தலையில்தான் விழுகிறது. ஓலைப்பெட்டியின் மூடியை வருகிறவர் எல்லாம் திறந்து திறந்து பார்த்தால் விளிம்பு தளர்ந்துவிடும். வெயில் படும் பக்கம் சாயம் வெளுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூஞ்சை பிடிக்கும். பானையைச் சுண்டிப் பார்க்காமல் யாரும் வாங்குவதில்லை. அதில் ஒன்றிரண்டு கீறல் விடும். இதற்கெல்லாம் யார் பொறுப்பு என்று எழுதி வைக்காத கடைகளில், பழைய சரக்கு என்று சொல்லிச் செய்தவரிடமே திரும்பிப் போகும்.

ரொக்கம் கொடுத்து வாங்கினால் இந்தக் கவலை கடைக்கு வந்துவிடுகிறது. காசு போட்டு வாங்கிய பானையை யாரும் வாசல் ஓரத்தில் வைப்பதில்லை. குறை என்னவென்றால், கடை பயப்பட ஆரம்பிக்கும். ஓடுகிற சரக்கையே திரும்பத் திரும்ப வாங்கும். புது வடிவத்தில் ஒரு பெட்டி முடைந்து வந்தால் “இது போகுமா?” என்று இழுக்கும். விலையையும் அடித்துப் பேசும். 1973-ல் தொடங்கிய பூம்புகார் கைவினைக் கடைகளுக்குப் பின்னால் தமிழக அரசு இருக்கிறது. ஊர்க்கடைக்குப் பின்னால் இருப்பது நாலு பேரின் சேமிப்பு.

ரொக்கம் என்ற பெயரில் நடக்கும் இன்னொன்றும் உண்டு: “வாங்கிவிட்டோம்” என்று பில் எழுதிவிட்டு, பணத்தை மாதக்கணக்கில் இழுப்பது. இது இரண்டு முறைகளின் கெடுதலையும் சேர்த்துக் கட்டியது. செய்பவர் உத்யம் (குறு, சிறு தொழில்) பதிவு வைத்திருந்தால், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்கிறது சிறுதொழில்களுக்கான 2006-ம் ஆண்டுச் சட்டம்.

விலைக் கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. பல சண்டைகள் அங்கேதான் முளைக்கின்றன. செய்பவருக்கு 200 ரூபாய் வேண்டும், கடைக்கு 30 சதவீதம். அடக்கத்தின் மேல் 30 என்றால் விற்பனை விலை 260. விற்பனை விலையில் 30 கமிஷன் என்றால் 286 வைத்தால்தான் அவர் கைக்கு 200 வரும். “முப்பது பர்சன்ட்” என்று வாயால் மட்டும் பேசிக்கொண்டால் ஆளுக்கொரு கணக்கில் இருப்பார்கள்.

வரியிலும் கவனம் தேவை. கமிஷன் மட்டும்தானே நம் வரவு என்று கன்சைன்மென்ட் கடைக்காரர்கள் நினைப்பதுண்டு. பிறர் சார்பில் விற்பதும் ஜிஎஸ்டி பதிவு வரம்புக்கான டர்ன்ஓவரில் முழுசாகச் சேரும். கணக்காளரிடம் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

என் கட்சி இதுதான்: கடை முழுவதற்கும் ஒரே முறை வேண்டாம். செய்பவரின் கைக்காசு எவ்வளவு நாள் முடங்கும் என்று பார்த்து முடிவெடுங்கள். பாய், ஓலைப்பெட்டி, மண்பாண்டம் எல்லாம் ரொக்கம். பெரிய பாய்க்குப் பாதி முன்பணம், பாதி பொருள் வந்ததும். புது வடிவமாக இருந்தால் முதல் சில உருப்படிகளையாவது கடையே காசு கொடுத்து வாங்கட்டும். வேறு வருமானம் உள்ளவர்கள் செய்யும் விலை உயர்ந்த அலங்காரப் பொருளுக்கு விற்றபின் காசு போதும்.

இதற்கு லட்சங்கள் தேவையில்லை. 50,000 ரூபாய் சுழல்நிதி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சுழன்றால், ஆண்டுக்கு 3 லட்ச ரூபாய்க்குச் சரக்கு எடுக்கலாம். சுழலவில்லை என்றால் தவறான சரக்கை வாங்குகிறோம் என்பதும் சீக்கிரமே தெரிந்துவிடும்.

செய்பவர்களே உரிமையாளர்களாக இருப்பது இன்னொரு வழி. தருமபுரி மாவட்டம் சித்தேரி மலைக்கு அருகே சிட்டிலிங்கியில் லம்பாடிப் பெண்களின் பூத்தையல் அமைப்பு அப்படித்தான் நடக்கிறது. ஆனால் அது ஒரே கைவேலை, ஒரே பள்ளத்தாக்கு. நாலு ஊர், நாலு தொழில் கொண்ட கடையில் அதை முதல் நாளே முயல்வதைவிட, இரண்டு ஆண்டு பணம் ஒழுங்காகக் கைமாறிய பிறகு பேசலாம்.

கன்சைன்மென்ட் வைக்கும் பொருட்களுக்குக் குறைந்தபட்சம் இவ்வளவாவது எழுதுங்கள்: இரட்டைப் பிரதி ரசீது, மாதம் ஒரு நிலையான பட்டுவாடா தேதி, கடையில் உடைந்தால் கடையே பொறுப்பு, 90 நாளில் போகாவிட்டால் கடைச் செலவில் திருப்பி அனுப்புதல். ஓலைச் சரக்கு ஏதாவது கன்சைன்மென்டில் கிடந்தால், 90 நாள் ஆகாவிட்டாலும் மழை தொடங்குமுன் அனுப்பிவிடுங்கள்.