டாக்ரோவ மாத்துறதா, இன்சுலின் போட்டு சமாளிக்கிறதா?

அம்மா குடுத்த கிட்னி வச்சு ஒன்றரை வருஷம் ஆச்சு. அத உடம்பு ஒதுக்கிராம இருக்க டாக்ரோலிமஸும் (சுருக்கமா டாக்ரோ) ஸ்டீராய்டும் போடுதேன். அதுக்கு முன்னால எனக்கு சுகரே கிடையாது. ஆபரேஷன் முடிஞ்சு அஞ்சாவது வாரம் ஒருநாள் சாயங்காலம் நாலு மணிக்குக் குத்திப் பாத்தா 286, ஆனா அன்னைக்குக் காலைல வெறும் வயித்துல 104தான், மெஷின்தான் கோளாறுன்னு பக்கத்து வீட்டு அண்ணாச்சிட்ட அவங்க மெஷின வாங்கியும் பாத்தோம், அதுலயும் அதே கததான். ஸ்டீராய்டு காலைல போடுறவங்களுக்கு மத்தியானத்துக்கு மேலதான் ஏறும், வெறும் வயித்து டெஸ்ட்ட மட்டும் நம்பாதீங்க. மூணு மாச சராசரி சுகர காட்டுற ஹெச்பிஏ1சி டெஸ்ட்டும் மொத ரெண்டு மூணு மாசம் சரியா காட்டாது, ரத்தம் கொறஞ்சு அது ஊறுறதுக்கு ஊசி போட்டுட்டு இருப்போம்லா, அதான்.

டாக்ரோலிமஸ் கணையத்துல இன்சுலின் சுரக்கிறதயே அமுக்குது, ஸ்டீராய்டு சுரந்த இன்சுலினயும் வேல செய்ய விடாது. அதனால எனக்கு முன்னால ரெண்டு வழி இருந்துச்சு. ஒண்ணு டாக்ரோவ நிப்பாட்டிட்டு அதே வேல செய்ற சைக்ளோஸ்போரின்ங்கிற மருந்துக்குப் போறது, இன்னொண்ணு டாக்ரோவ அப்படியே வச்சுக்கிட்டு இன்சுலின் போட்டு, ஸ்டீராய்ட மெல்ல கொறைக்கிறது. நான் ரெண்டாவதுதான் எடுத்தேன்.

சைக்ளோஸ்போரின கொற சொல்ல முடியாது. 2018ல வந்த ஒரு ஆய்வுல சுகர் வந்தவங்கள்ல பாதிப் பேர மாத்திப் பாத்தாங்க, ஒரு வருஷத்துல மாத்தினவங்கள்ல 34 சதவீதம் பேருக்கு சுகர் நோயே இல்லாம போச்சு, டாக்ரோலயே இருந்தவங்கள்ல 10 சதவீதம்தான். செக்கப்புக்குப் போற இடத்துல பழக்கமான அம்பாசமுத்திரத்து அண்ணாச்சி ஒருத்தரும் மாத்தினாரு, அவருக்கு சுகர் மாத்திர நின்னுட்டு. ஈறு வீங்கி, பிரஷர் மாத்திர ஒண்ணு கூடிட்டு. நான் அத சாப்பிட்டதில்ல, அவரு சொன்னத வச்சுதான் சொல்லுதேன்.

என்னைய தடுத்தது ரிஜெக்சன் பயம்தான், அதாவது வச்ச கிட்னிய உடம்பு ஏத்துக்காம தாக்கிருமோங்கிற பயம். 2007ல வந்த பெரிய ஆய்வு ஒண்ணு, 1645 பேரு, கொறஞ்ச டோஸ் டாக்ரோல ரிஜெக்சன் 12.3 சதவீதம், வழக்கமான டோஸ் சைக்ளோஸ்போரின்ல 25.8. அது ஆபரேஷன் அன்னைக்கே ஆரம்பிச்சவங்க கணக்கு, நடுவுல மாத்துறவங்களுக்கு அப்படியே பொருந்தும்னு நான் சொல்ல வரல. ஆனா ஒண்ண யோசிங்க, ரிஜெக்சன் வந்துட்டா மொத வைத்தியமே மூணு நாளு மெத்தில் பிரட்னிசோலோன் ஊசி, அதுவும் ஸ்டீராய்டுதான், அதுவும் பெரிய டோஸ். சுகர இறக்கணும்னு மருந்த மாத்தப் போயி, கிட்னியும் அடிவாங்கி, சுகரும் பழையபடி ஏறுனா என்ன செய்ய? அம்மாட்ட இன்னொரு கிட்னி கேக்க முடியாதுல்ல. சுகருக்கு ஊசி இருக்கு, மாத்திர இருக்கு. போன கிட்னிக்கு மறுபடி டயாலிசிஸ் மெஷின்தான், வாரத்துக்கு மூணு நாளு நாலு நாலு மணி நேரம் அதுல படுத்தவனுக்குத் தெரியும்.

இன்சுலின்ல வேல கொஞ்சம் உண்டு. காலைல ஸ்டீராய்டோடயே என்.பி.ஹெச்.ங்கிற இன்சுலின் ஊசி, 18 யூனிட்ல ஆரம்பிச்சோம். பாட்டில குலுக்கக்கூடாது, ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல வச்சு உருட்டணும், அடில படிஞ்ச வெள்ளையெல்லாம் கலந்து ஒரே மாதிரி பால் போல வரணும். அதோட வேகம் ஏறுற நேரமும் ஸ்டீராய்டு சுகர ஏத்துற நேரமும் ஏறக்கொறைய ஒண்ணா வரும், அதான் காலைல போடச் சொல்லுதாங்க. 2012ல வந்த ஒரு சின்ன ஆய்வுல, ஆபரேஷன் முடிஞ்ச உடனே இன்சுலின் ஆரம்பிச்சவங்களுக்குப் பின்னால சுகர் நோய் நிலைக்கிறது நல்லாவே கொறஞ்சிருக்கு, கணையத்துக்கு ஓய்வு கெடைக்குதுங்கிறது அதுக்கு சொல்ற காரணம். எனக்கு ஸ்டீராய்டு 20லருந்து 5க்கு இறங்க இறங்க ஊசியும் 18, 10, 6னு இறங்கி ஏழாவது மாசம் நின்னுட்டு. சாப்பாட்டுல சோத்த பாதியாக்கிட்டேன், ஞாயித்துக்கிழம சொதி மட்டும் விடல.

டாக்ரோ, சைக்ளோஸ்போரின் எதுல இருந்தாலும் பம்பளிமாஸ் தொடாதீங்க, ரத்தத்துல மருந்து அளவ ஏத்திவிட்ரும். ரத்தத்துல மருந்து எவ்வளவு இருக்குன்னு பாக்குற லெவல் டெஸ்ட் எடுக்குற காலைல டாக்ரோவ முழுங்கிட்டுப் போயிராதீங்க, ரத்தம் குடுத்துட்டுதான் போடணும். நீங்களா எதையும் நிப்பாட்டிராதீங்க.

சுகர் முழுசா சரியாயிட்டுன்னு நான் சொல்ல மாட்டேன். அதுக்கு தெனம் ஒரு லினாக்ளிப்டின் மாத்திர ஓடுது. போன ஞாயித்துக்கிழம சொதி சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு 158.