புரதம் குறைத்த பன்றித் தீவனம்: எந்த வைட்டமினுக்குச் செலவு செய்வது?

பால் மறக்கடித்த குட்டிகளுக்குப் புரதத்தை 22 சதவீதத்திலிருந்து 18க்கு இறக்கியதும் பலர் அடுத்து ஓடுவது வைட்டமின் பக்கம்தான். இறக்குவதில் நியாயம் இருக்கிறது. சிறுகுடலில் செரிக்காமல் தப்பும் புரதம் பெருங்குடலில் பாக்டீரியாவிடம் சிக்கி அம்மோனியாவாகவும் அமீன்களாகவும் மாறி, கழிச்சலுக்கு வழி விடுகிறது. ஆனால் புரதத்தின் கட்டுமானக் கற்களான அமினோ அமிலங்களில் லைசின், மெத்தியோனின், த்ரியோனின், டிரிப்டோபன் நான்கையும் தனியாகச் சேர்க்காமல் புரதத்தை மட்டும் வெட்டிவிட்டு வைட்டமினை அள்ளிக் கொட்டினால் ஒரு பயனும் இல்லை. குடலைக் காக்கும் சளிப்படலம் உருவாகவே த்ரியோனின் நிறைய வேண்டும், அந்த இடத்தை எந்த வைட்டமினும் நிரப்பாது.

அதைச் சரிசெய்தாயிற்று என்றால், என் முதல் தேர்வு நியாசின், அதாவது வைட்டமின் பி3. பன்றி டிரிப்டோபனிலிருந்து நியாசினைத் தானே தயாரித்துக்கொள்ளும்தான், ஆனால் இந்தத் தீவனத்தில் டிரிப்டோபனே அளவாகத்தான் இருக்கும், மக்காச்சோளத்தில் உள்ள நியாசினோ பெரும்பாலும் உடலுக்குக் கிடைக்காத வடிவில் இருக்கிறது. நியாசின் பற்றாமல் போனால் குடல் அழற்சி, கழிச்சல் இரண்டும் வரும்.

அதற்கு அடுத்து பி6. அமினோ அமிலங்களை உடல் கையாளும் நொதிகளுக்கு இது துணை. அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு 2012இல், 5 முதல் 11 கிலோ வரையுள்ள குட்டிகளுக்குக் கிலோ தீவனத்துக்கு 7 மில்லிகிராம் என்று சொன்னது. 25 கிலோவைத் தாண்டினால் 1 போதும். ஆக, சின்னக் குட்டிக்குத்தான் இது அவசரம்.

வைட்டமின் ஈ மூன்றாவது. தாய்ப்பால் நின்றதும் இரத்தத்தில் இதன் அளவு சரிகிறது, அதனால் அந்த முதல் சில வாரங்களில் கொஞ்சம் கூட்டலாம்.

ஏ, டி இரண்டும் பரிந்துரைத்த அளவில் இருந்தால் போதும். ஏ ஈரலில் சேர்ந்துகொண்டே போகும், டியும் எளிதில் வெளியேறாது. இரண்டுமே மிஞ்சினால் நஞ்சு. "குடலுக்கு நல்லது" என்று இவற்றை இரட்டிப்பாக்குவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

அப்புறம் வைட்டமின் போன்ற சத்தான கோலினையும் மறக்கக் கூடாது. சோயா புண்ணாக்கைக் குறைக்கும்போது அதுவும் சேர்ந்து குறைகிறது. தீவனத்தில் கோலினுக்காகச் சேர்க்கும் கோலின் குளோரைடு ஈரத்தை இழுக்கும், வைட்டமின்களை முன்கூட்டியே கலந்து வைத்த ப்ரீமிக்ஸில் மாதக்கணக்கில் கிடந்தால் மற்ற வைட்டமின்களைக் கெடுத்துவிடும். தனிப் பையில் வாங்கி, தீவனம் அரைக்கும் அன்றைக்குக் கலந்துகொள்ளுங்கள்.